ஹவானாவில் எடுத்த படமும் லண்டனில் எடுக்காத படமும்

1994ஆம் ஆண்டு தென்கிழக்கு லண்டனில் ஒரு பப்பில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து பின்பக்கக் களஞ்சிய அறைக்குப் போகும் ஒடுங்கிய நடைபாதையின் இரு சுவர்களிலும் பழைய குத்துச்சண்டை வீரர்களின் படங்கள் மாட்டியிருந்தன. உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவற்றைக் கடந்துபோக வேண்டும். அவற்றில் ஒன்றின் கீழ் ஹவானா, 1915 என்று எழுதியிருந்தது. என்னோடு வேலை செய்த, என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணர் ஒருவர் ஒருநாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னார்: "உதைப் பார் தம்பி, காப்பிலி வெய்யில் காயிறான்." நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் பொருட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில் படத்தைப் பார்த்துவிடுவோம்.

குத்துச்சண்டை மேடையில் ஒரு கறுப்பு மனிதர் மல்லாந்து கிடக்கிறார். முழங்கால்கள் மடங்கி மேலே எழுந்து நிற்கின்றன. கையுறை போட்ட கை முகத்துக்கு மேலே உயர்ந்திருக்கிறது. கடற்கரையில் படுத்திருப்பவர் கண்ணில் வெயில் படாமல் மறைப்பதுபோல ஒரு தோற்றம். மத்தியஸ்தர் ஜாக் வெல்ஷ் பக்கத்தில் நின்று எண்ணுகிறார். வென்ற வெள்ளையர் ஜெஸ் வில்லார்ட் விலகி நின்று பார்க்கிறார். ஆறடி ஆறங்குலத்துக்கும் மேலே உயரமான மனிதர். பின்னால் கூட்டம், அக்காலப் படங்களில் வருவதுபோலத் தலைகளைவிடத் தொப்பிகளே அதிகம். நாள் 1915 ஏப்ரல் 5. இடம் ஹவானாவின் குதிரைப் பந்தயத் திடல். 45 சுற்றுகளுக்கு ஒழுங்கு செய்திருந்த சண்டை 26ஆம் சுற்றில் முடிந்தது. கிடப்பவர் ஜாக் ஜோன்சன். 1908இலிருந்து உலக ஹெவிவெயிட் சம்பியனாக இருந்த முதலாவது கறுப்பு மனிதர். அடிமைகளாகப் பிறந்த தாய் தகப்பனுக்கு டெக்ஸஸ் மாநிலத்தின் கல்வெஸ்ரனில் 1878இல் பிறந்தவர்.

எங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மேடையில் விழும்போது ஜோன்சன் நாடு திரும்ப முடியாத மனிதராக இருந்தார். பெண்களை மாநில எல்லை கடத்துவதைத் தடுக்கவென்று அமெரிக்காவில் 1910இல் ஒரு சட்டம் வந்தது. வெள்ளைப் பெண்களோடு அவர் வெளிப்படையாக வாழ்ந்ததற்குத் தண்டனை கொடுக்க அந்தச் சட்டத்தையே எடுத்தார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1913இல் அவரைக் குற்றவாளி என்றது. ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை. அவர் கனடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பினார். பாரிஸிலும் லண்டனிலும் இருந்தார். லண்டன் மியூசிக் ஹோல்களில் மேடையேற வந்தபோது அங்குள்ள கலைஞர்கள் சங்கமே எதிர்ப்புத் தெரிவித்தது. ஹவானாவில் அந்தச் சண்டை நடந்ததற்கும் காரணம் இதுதான்: அமெரிக்க மண்ணில் அவர் கால் வைத்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

பின்னாளில் ஜோன்சன் ஒரு கதை சொன்னார். தான் தோற்கவில்லை, வேண்டுமென்றே விழுந்தேன் என்றார். பணமும், நாட்டுக்குத் திரும்பிவர வழிசெய்வதாக ஒரு வாக்குறுதியும் தனக்குத் தரப்பட்டதாகச் சொன்னார். ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களுக்கு இந்தப் படத்தையே காட்டினார்: நினைவிழந்தவன் கண்ணுக்கு வெயில் மறைப்பானா?

படம் ஒன்றை ஆதாரமாக நீட்டுவது என்றால் என்னவென்று இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஹோம் ஒபிஸ் விசாரணைக்குப் படங்களோடு போனவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர். எரிந்த வீட்டின் முன்னால் நின்று எடுத்த படம், முதுகுத் தழும்பின் படம், செத்த வீட்டுப் படம். கேள்விகளும் எங்களுக்குத் தெரியும். இதை எடுத்தது யார்? அந்த நேரத்தில் கமெரா எங்கிருந்து வந்தது? இந்தத் தழும்பு வேறு வழியில் வந்திருக்கலாம் அல்லவா? படம் எதையும் தானாகச் சொல்வதில்லை. பார்ப்பவர் முன்கூட்டியே முடிவு செய்ததையே அது திருப்பிச் சொல்கிறது. ஜோன்சனை வெறுத்தவர்களுக்கு அது வீழ்ச்சி. ஜோன்சனுக்கு அதுவே தான் விழவில்லை என்பதற்கான அத்தாட்சி.

என் கருத்தைக் கேட்டால், ஜோன்சனின் கதையை நான் நம்பவில்லை. அந்தச் சண்டையின் படச்சுருள் இருக்கிறது. வில்லார்ட்டின் வலக்கைக் குத்து தாடையில் இறங்குவதை அதில் பார்க்கலாம். குத்துச்சண்டை வரலாறு எழுதியவர்களில் பெரும்பாலானவர்களும் அது உண்மையான தோல்வி என்றே கொள்கிறார்கள். 37 வயது, போதிய பயிற்சி இல்லை, உச்சி வெயில், 26 சுற்று. விழத்தான் போகிறவன் இவ்வளவு நேரம் ஏன் வெயிலில் நின்று அடிபட்டான் என்று வில்லார்ட் பகிடியாகக் கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதையைச் சொல்ல வேண்டிய தேவை ஜோன்சனுக்கு ஏன் வந்தது என்பது விளங்குகிறது. ஊருக்குத் திரும்புவதற்காகத் தோற்றேன் என்று சொல்லலாம்; சும்மா தோற்றேன் என்று சொல்ல முடியாது. புகலிடத்தில் இருக்கிற எங்களில் எத்தனை பேர் தங்கள் தோல்விகளுக்கு இப்படியொரு கதை வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். வாக்குறுதி இருந்ததோ இல்லையோ, அது நிறைவேறவில்லை. 1920 ஜூலையில் அவராகவே போய்ச் சரணடைந்து சிறைத் தண்டனையை அனுபவித்தார். 1946இல் கார் விபத்தில் இறந்தார். அரச மன்னிப்பு 2018இல் வந்தது.

சரி, அந்தப் படம் ஏன் லண்டன் பப் ஒன்றின் சுவரில் தொங்கியது? அமெரிக்கர் இருவர் கியூபாவில் போட்ட சண்டைக்கும் தென்கிழக்கு லண்டனுக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு விடை தேட, அந்தச் சுவரில் இல்லாத படங்களைப் பார்க்க வேண்டும்.

1908 டிசம்பர் 26, சிட்னி. ஜோன்சன் கனடா நாட்டு வெள்ளையரான ரொமி பேர்ண்ஸை வென்று சம்பியனாகிறார். பேர்ண்ஸுக்குப் பேசிய கூலி 30,000 டொலர், ஜோன்சனுக்கு 5,000. 14ஆம் சுற்றில் பொலிஸார் உள்ளே வந்து சண்டையை நிறுத்தினார்கள். படப்பிடிப்பும் அதோடு நின்றது. ஆகவே பேர்ண்ஸ் முழுதாக விழுந்து கிடக்கும் காட்சி உலகத்துக்குக் கிடைக்கவில்லை.

1910 ஜூலை 4, றீனோ. இங்கே எதிராளி ஜிம் ஜெப்ரிஸ். சம்பியனாக இருந்த காலத்தில் கறுப்பர்களோடு பட்டத்துக்கு மோதமாட்டேன் என்று சொல்லி, 1905இல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றவர். வெள்ளை இனத்தின் மானத்தைக் காக்க என்று அவரைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து மேடையில் ஏற்றினார்கள். 15ஆம் சுற்றில் முடிந்தது. அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெள்ளையர் கும்பல்கள் தெருவில் இறங்கின. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பர்கள். அதற்குப் பிறகு அந்தச் சண்டையின் படச்சுருளை அமெரிக்காவில் ஊர் ஊராகத் தடை செய்தார்கள். தென்னாபிரிக்காவிலும் தடை. லண்டன் கவுண்டி கவுன்சில்கூட அதைக் காட்டுவது விரும்பத்தக்கதல்ல என்று தீர்மானம் போட்டது. 1912இல் அமெரிக்கக் காங்கிரஸ் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையே சட்டத்தால் தடுத்தது. வன்முறை, ஒழுக்கம் என்றுதான் காரணம் எழுதினார்கள். குத்துச்சண்டையில் அதற்கு முன்னர் வன்முறை இல்லாததுபோல.

இந்தச் சட்டத்தால் ஹவானாச் சண்டையின் படச்சுருளும் அமெரிக்காவுக்குள் போக முடியவில்லை. ஆனால் மல்லாந்து கிடக்கும் அந்த ஒற்றை நிழற்படம் போனது. மதுச்சாலைகளிலும் முடிவெட்டும் கடைகளிலும் தொங்கியது. கறுப்பர் வெல்லும் படத்துக்கு எல்லையில் காவல் போட்டவர்கள், கறுப்பர் விழுந்த படத்துக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு ஆணியடித்தார்கள்.

லண்டன் விடயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 1911 ஒக்ரோபர் 2ஆம் திகதி ஏர்ல்ஸ் கோர்ட்டின் எம்பிரஸ் மண்டபத்தில் ஜோன்சனும் பொம்பாடியர் பில்லி வெல்ஸும் மோதுவதாக ஏற்பாடு. வெல்ஸ் கிழக்கு லண்டன் ஸ்ரெப்னியில் பிறந்தவர். பீரங்கிப் படையில் சேர்ந்து இந்தியாவில் இருந்து, அங்கே படையினருக்குள் குத்துச்சண்டையில் பேர் எடுத்தவர். பொம்பாடியர் என்பது அந்தப் படையில் ஒரு சிறு பதவி. அந்த வருடம்தான் பிரித்தானியச் சம்பியனாகியிருந்தார். எங்கள் மூத்தவர்கள் அவரைப் பார்த்திருக்கக்கூடும், அவர் என்று தெரியாமலே. ராங்க் கொம்பனிப் படங்களின் தொடக்கத்தில் வெற்றுடம்போடு ஒருவர் பெரிய சேமக்கலத்தை அடிப்பாரல்லவா? அந்த வேலையைச் செய்த சிலரில் வெல்ஸும் ஒருவர். (அந்தச் சேமக்கலம் வெண்கலமல்ல, வெறும் காகிதக்கூழ் என்பார்கள். சத்தத்தை வேறொரு கலைஞர் வேறொரு தாளத்தில் எழுப்பிச் சேர்த்தார்.)

இந்தச் சண்டைக்கு எதிராகப் பெரிய பிரசாரம் கிளம்பியது. அதை முன்னின்று நடத்தியவர் எப். பி. மேயர் என்ற பப்ரிஸ்ற் போதகர். ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: எதிர்த்தவர்களில் சிலருக்குக் காசுக்கு ஆளையாள் அடிக்கும் தொழிலே பிடிக்காது. ஆனால் அதே லண்டனில், நஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில், கனவான்கள் சாப்பிட்ட பிறகு வெள்ளையர் இருவர் அடிபடுவதை யாரும் போய் நிறுத்தவில்லை. இங்கே வித்தியாசமாக இருந்தது ஒன்றுதான். சாம்ராச்சியத்தின் தலைநகரில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க, ஒரு கறுப்பு மனிதர் பிரித்தானியப் படையாளாக இருந்தவரை அடித்து வீழ்த்துவார். அதைக் கமெரா பிடிக்கும். படம் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் போகும். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் பத்திரிகைகளிலும் பிரசங்கங்களிலும் ஒளிவுமறைவின்றிப் பேசப்பட்டது. அந்த டிசம்பரில்தான் ஜோர்ஜ் மன்னர் டெல்லியில் தர்பார் நடத்தப் போகிறார். பார்த்தவர்கள் என்று அவர்கள் பயந்தது எங்கள் பாட்டன் பூட்டன்மாரையுந்தான். இதை எங்கள் ஆட்கள் மறந்துவிடக்கூடாது.

அன்றைய உள்துறை அமைச்சர் வின்ஸ்ரன் சேர்ச்சில். சண்டை சட்டவிரோதம் என்று அறிவித்தார். செப்டெம்பர் இறுதியில் இரண்டு வீரர்களையும் ஏற்பாட்டாளர்களையும் போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். அரசுக்காக வாதாடியவர் சொலிசிட்டர் ஜெனரல் ஜோன் சைமன். ஜோன்சன் வழக்கறிஞர் வைக்கவில்லை. தானே எழுந்து நின்று பொலிஸ் அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தார். அது வேறு நிலையில் நின்று பார்த்தால் சிரிப்பான காட்சி: உலகத்திலேயே பலமான மனிதர், நன்றாக உடுத்தி, பணிவோடு, குத்துச்சண்டையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று பொலிஸைக் கேட்கிறார். இதற்கிடையில் மண்டப நிலத்தின் உடைமையாளரான ரயில் கொம்பனி, இங்கே சண்டை நடத்தக்கூடாதென்று வேறொரு நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கிவிட்டது. கதை முடிந்தது.

வழக்கில் நிறம் என்ற சொல்லுக்கு வேலையில்லை. குற்றச்சாட்டு பொது அமைதிக்குப் பங்கம் என்பது மட்டுமே. உள்துறை அமைச்சர் திருப்தியடையவில்லை என்று தொடங்கும் கடிதங்களைத் தபாலில் பெற்றவர்களுக்கு இந்தப் பாஷை பழக்கமானது. உன்னை எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இருக்காது. தவறு தேட ஒரு சொல்லும் அகப்படாது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டு, 1910இல் காமா பயில்வான் லண்டனுக்கு வந்து வெள்ளையரோடு மோதினாரே, அதை ஏன் யாரும் தடுக்கவில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி. 1910 செப்டெம்பர் 10ஆம் திகதி ஷெப்பர்ட்ஸ் புஷ் விளையாட்டரங்கில் ஸ்பிஸ்கோ என்ற போலந்துக்காரர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பாயோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்து காமாவிடம் தப்பினார். மறுவாரம் ஆள் வரவேயில்லை. பட்டி காமாவுக்குப் போனது. இதை எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் காமா கீழைத்தேய அதிசயமாக, ஒரு சர்க்கஸ் வியப்பாக இங்கே கொண்டுவரப்பட்டவர். எதிரே கிடந்தவரும் ஆங்கிலேயரல்ல. ஹெவிவெயிட் சம்பியன் என்ற பெயருக்கு இருந்த பொருள் வேறு. அது ஆண்மையின் முடி என்று வெள்ளையர் தாமே எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் ஜோன்சனின் தலையில் அது இருந்தது அவர்களுக்குத் தாங்கவில்லை.

அந்த வழக்கின் நிழல் நீண்டது. பிரித்தானியப் பட்டத்துக்கு மோதுபவர் வெள்ளைத் தாய் தகப்பனுக்குப் பிறந்தவராக இருக்க வேண்டும் என்ற விதி 1948 வரை இருந்தது. அந்த வருட ஜூன் 28ஆம் திகதி, விண்ட்ரஷ் கப்பல் ரில்பரியில் ஆட்களை இறக்கி ஆறு நாட்களில், டிக் ரேர்பின் பேர்மிங்ஹாமில் பட்டம் வென்றார். அவரது தம்பி ரண்டி 1951 ஜூலையில் அதே ஏர்ல்ஸ் கோர்ட்டில் சுகர் ரே றொபின்சனை வென்று உலகச் சம்பியனானார். ஜோன்சனை ஏற விடாத இடத்துக்குப் பக்கத்தில், நாற்பது வருடம் கழித்து.

எதிரியாக நிற்பதே ஒரு தகுதி. இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. ஜெப்ரிஸ் சொன்னதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு சொற்களில் சொன்னார்கள். அவனோடை எனக்கென்ன கதை, அவனை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல். ஒருவரோடு சண்டை பிடிப்பதென்றால்கூட அவரை உன் அளவு மனிதராக ஏற்க வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்களுக்கு மறுக்கப்பட்டது கும்பிடுவதற்கான உரிமை மட்டுமல்ல. தேத்தண்ணிக் கடையில் வேறு குவளை வைத்திருந்ததும் இதே விதிதான், எழுதப்படாத விதி.

அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்து லண்டனுக்கும் கொண்டுவந்தோம். காப்பிலி என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் வழியாகப் பெற்றோம். இலங்கைக்கு அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் சந்ததியினர் புத்தளம் பக்கத்தில் இன்றும் வாழ்கிறார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. சொல் மட்டும் தெரியும். முகமது அலியின் படத்தை ஊரில் சலூன் சுவரில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அலி எங்கட ஆள். பஸ் தரிப்பில் பக்கத்தில் நிற்பவன் காப்பிலி. 2021இல் சார்பட்டா பரம்பரை படம் வந்தபோது எங்கள் வீடுகளில் கைதட்டினார்கள். கபிலன் மேடையில் எழும்பி நின்றால் கண் கலங்குகிறவர், அடுத்த நாள் மகள் கறுப்புப் பொடியனோடு கதைக்கிறாள் என்று வீட்டைத் தலைகீழாக்குகிறார். ஜோன்சனைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை எழுதியவர்களுக்கும் இந்த அப்பாவுக்கும் மனதளவில் பெரிய தூரமில்லை. நண்பர்கள் கோபிக்கக்கூடாது. நானும் அந்த நடைபாதையில் சிரித்தவன்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஜோன்சனைத் தெய்வமாக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பட்டம் கிடைத்தபிறகு அவர் கறுப்பு வீரர்களுக்கு என்ன செய்தார்? சாம் லாங்போர்ட், ஜோ ஜெனற் போன்றவர்கள் அன்று உலகத்தின் மிகச் சிறந்த குத்துச்சண்டையாளர்களில் எண்ணப்பட்டவர்கள். அவர்களை ஜோன்சன் முன்னர் சந்தித்திருக்கிறார். லாங்போர்ட்டை 1906இல் வென்றும் இருக்கிறார். சம்பியனான பிறகு அவர்களுக்கு ஒருமுறைகூடப் பட்டத்துக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. கறுப்பர் ஒருவரோடு அவர் பட்டத்துக்கு மோதியது ஒரே ஒரு தடவை, 1913 டிசம்பரில் பாரிஸில், ஜிம் ஜோன்சன் என்பவரோடு. அதுவும் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. வெள்ளையரோடு மோதினால்தான் காசு என்பது அவர் பக்க நியாயம். அது பொய்யல்ல. ஆனாலும் தனக்கு மூடியிருந்த கதவை உள்ளே போனதும் அவரே மூடினார். லாங்போர்ட் பட்டம் காணாமலே ஓய்ந்தார். 1944இல் நியூயோர்க் பத்திரிகையாளர் ஒருவர் அவரை ஹார்லெமில் ஓர் அறையில், கண் பார்வையிழந்து, கையில் காசில்லாத நிலையில் கண்டுபிடித்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஜோன்சனைவிட எங்களைத்தான் நினைவு வருகிறது. எழுபதுகளில் படிப்புக்கும் வேலைக்கும் வந்திருந்த எங்கள் ஆட்களில் சிலர், 83க்குப் பிறகு அகதியாக வந்திறங்கிய எங்களைப் பார்த்து, தங்கள் பெயரைக் கெடுக்க வந்தவர்கள் என்றார்கள். அதைக் கேட்டு வயிறெரிந்தவர்களில் சிலர் இன்று சொந்த வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, றப்பர் படகில் கால்வாய் கடந்து வருபவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து, இவங்களை ஏன் விடுறாங்கள் என்று கேட்கிறார்கள். தாங்கள் எப்படி வந்தோம் என்பதை மறந்து கேட்கவில்லை. ஞாபகத்தோடுதான் கேட்கிறார்கள்.

அந்தப் பப் இப்போது இல்லை. கட்டடம் மாடி வீடுகளாகிவிட்டது. எம்பிரஸ் மண்டபமும் எப்போதோ போய், அந்த இடத்தில் உயர்ந்த அலுவலகக் கட்டடம் ஒன்று நிற்கிறது. படங்கள் என்னவாயின என்று தெரியாது. ஆனால் அந்தச் சுவர்களில் என்னென்ன இருந்தன என்பது நல்ல ஞாபகம். அவ்வளவு தடவை மூட்டை தூக்கியிருக்கிறேன். பொம்பாடியர் வெல்ஸ் இருந்தார். அவருக்கு முன்னர் பிரித்தானியச் சம்பியனாக இருந்த அயன் ஹேக் என்பவரும் இருந்தார், மார்பில் கைகட்டிக்கொண்டு. ஹேக்கை 1909 மே மாதம் இதே லண்டனில், நஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில், நாலாவது சுற்றில் தூக்கியெறிந்தவர் சாம் லாங்போர்ட். அவருடைய படம் எந்தப் பக்கத்துச் சுவரிலும் இருக்கவில்லை.